பேனும் ஒரு நேர்த்திக்கடனும்

இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களில் பாதிப் பேர் தலையைச் சொறிந்துவிடுவீர்கள். சொறிந்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதுகிற எனக்கே பின்கழுத்தில் என்னவோ ஊர்கிறது. பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், சுற்றிலும் ஒரு குழந்தையும் இல்லை, ஆனாலும் யாராவது பேன் என்று சொல்லிவிட்டால் என் கை தானாகக் காதுக்குப் பின்னால் போய்விடுகிறது.

எங்கள் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர் நலத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். காய்ச்சல், பல்வலி, தொலைந்த காலணி, சிற்றுண்டிச்சாலைச் சண்டை, பேன் என்று எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மேசை என்று பேர்தான். அதில் நான் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. எனக்கு உட்கார வராது. ஆசிரியர் கூட்டத்தில்கூடக் கதவோரம்தான் நிற்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள், நானும் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவேன்.

இப்போதுதான் ஆசிரியர் வேலையில் சேர்ந்திருக்கிற உங்களுக்கு எந்த மருந்து, எந்தச் சீப்பு என்றெல்லாம் நான் பாடம் நடத்தப் போவதில்லை. அதைக் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். கொசுவுக்கு அடிக்கிற மருந்தையோ மண்ணெண்ணெயையோ பிள்ளையின் தலையில் தேய்த்துவிட்டு எந்தப் பெற்றோராவது வந்து நின்றால், பேனை மறந்துவிட்டு முதலில் அந்தப் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பேன் வந்ததால் நான் எந்தப் பிள்ளையையும் இழந்ததில்லை. பேனுக்குப் பயந்த பெரியவர்கள்தான் என்னைப் பயமுறுத்தியவர்கள். நான் சொல்ல வந்ததும் அந்தப் பெரியவர்களைப் பற்றித்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்திய காலம். நாலாம் ஆண்டு வகுப்பில் யாழினி என்ற பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். அதுவரை அக்கரையில், தாசேக் கெலுகோரில் படித்துக்கொண்டிருந்தவள். அவள் அம்மா கலாவுக்குப் பாயான் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்ததால் குடும்பம் தீவுக்கு வந்துவிட்டது. அப்பா ஜுருவில் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். யாழினிக்கு இடுப்பைத் தொடுகிற முடி. இரவு ஷிஃப்டு முடிந்து வந்த கலா தூங்கப் போகாமல், அதை இரட்டைச் சடையாகப் பின்னி, நீல ரிப்பன் கட்டி அனுப்புவார். அந்தச் சடையில் ஒரு முடி பிசிறி நின்று நான் பார்த்ததில்லை.

அவள் வந்த சில வாரங்களில் வகுப்பில் பேன் என்று பேச்சுக் கிளம்பியது. ஓர் அம்மா மகள் தலையிலிருந்து எடுத்ததை டிஷ்யூத் தாளில் வைத்து, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். அதன் பிறகு என் திறன்பேசி ஓயவில்லை. ஒருவர் வேப்பெண்ணெய் என்றார், ஒருவர் வெங்காயச் சாறு என்றார், ஒருவர் பள்ளியை மூடிச் சுத்தம் செய்யச் சொன்னார். கடைசியில் ஒருவர், புதிய பிள்ளை வருவதற்கு முன்னால் நம் வகுப்பில் இது இல்லையே என்று எழுதினார். அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. பேரை யாரும் எழுதவில்லை. அந்த வகுப்பில் புதிதாக வந்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று நம்மிடம் சொல்வார்கள். அந்த வாரம் அதைக் கண்ணால் பார்த்தேன். யாழினி பக்கத்தில் உட்காராதே என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வகுப்பாசிரியை உங்களைப் போலப் புதியவர். பெற்றோர் தொல்லை தாங்காமல் அவளைப் பின்வரிசையில் தனி மேசையில் உட்காரவைத்துவிட்டார். அன்றே மாற்றச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பேன் பறக்காது, குதிக்காது, தலையும் தலையும் ஒட்டினால்தான் ஏறும். ஒரே படப் புத்தகத்தைச் சுற்றித் தலைகளை முட்டிக்கொண்டு உட்காருகிற பிள்ளைகளிடம் தனி மேசை போட்டு என்ன ஆகப்போகிறது?

அந்தக் குழுவை நடத்தியவர் ஒரு வங்கி அதிகாரி. அவரை இங்கே வங்கியம்மா என்றே சொல்லிக்கொள்கிறேன். கெட்டவர் இல்லை. பள்ளியில் விழா என்றால் முதலில் வந்து நாற்காலி அடுக்குகிறவர் அவர்தான். அவர் மகளும் அதே வகுப்பில் படித்தாள். தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில் வேறு இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார். கலாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு நேராக வந்திருந்தார் கலா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபுக்குள் அடங்காமல் கொண்டை பிதுங்கி நின்றது. மகளுக்கு அந்த முடி எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

வங்கியம்மா மரியாதையாகத்தான் பேசினார். பிள்ளையின் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பேன் போகும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தலைமையாசிரியர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து விளையாடினார். யாரும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று நான் வாயைத் திறப்பதற்குள் கலா பேசிவிட்டார்.

"தைப்பூசத்துக்கு அவளுக்கு மொட்ட போடுறோம். வேண்டுதல் இருக்கு."

அறையே மாறிப்போனது. வங்கியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடடா, தெரியாமல் பேசிவிட்டோமே, நல்லபடியாக நடக்கட்டும் என்றார். மற்ற அம்மாக்கள் கலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் விட்ட பெருமூச்சு வராந்தாவரை கேட்டிருக்கும். பேனுக்காக மொட்டை என்றால் அவமானம், சாமிக்காக மொட்டை என்றால் புண்ணியம். கத்தியும் அதேதான், தலையும் அதேதான். நம்மவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. முந்தின வாரம்தான் கலா என்னிடம், பள்ளிக் கலைவிழாவில் யாழினி ஆடப்போகிறாள், சடையில் வைத்துக் கட்டக் குஞ்சலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். கலைவிழா தைப்பூசத்துக்குப் பிறகு. மொட்டைத் தலையில் குஞ்சலத்தை எங்கே கட்டுவது? மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவரை ஓடிப்போய்ப் பிடித்து, என்ன வேண்டுதல் என்று நேராகவே கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றார் கலா. "எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சாமி பேரச் சொன்னா விட்டுருவாங்கன்னு தோணுச்சு. வாயில வந்துருச்சு."

அப்படியென்றால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. சொன்னது பொய்யாக இருக்கலாம், சொன்ன சாமி பொய்யில்லையே என்றார். இனிமேல் இல்லை என்று சொல்லி, நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அதனால்தான் என்று தோன்றும், வீட்டுக்காரர் வேறு லோரியோடு ரோட்டிலேயே கிடக்கிறார் என்றார். சிரிக்காதீர்கள். நான் அறிவியல் நடத்தியவள்தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர்மலைக் கோயில் படியேறுகிறவளும் நான்தான்.

தைப்பூசம் வரட்டும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும், சாமி காரியத்தில் நாம் தலையிட வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளைகளே, இந்த வேலையில் வருகிற பெரிய சபலம் இதுதான். யாரோ ஒருவர் தன் தலையைக் கொடுத்து ஊருக்கே நிம்மதி வாங்கித் தருகிறேன் என்று முன்வரும்போது, அப்பாடா என்று தலையாட்டிவிடத் தோன்றும். அப்படித் தோன்றுகிற இடத்தில் உங்களுக்கு உட்கார முடியாமல் போகவேண்டும். எனக்குப் பிறவியிலேயே அந்த வியாதி இருந்தது நல்லதாகப் போயிற்று.

அடுத்த சில நாட்கள் யாழினி இரண்டு சடைகளையும் சீருடைக்குள் சொருகிக்கொண்டு வந்தாள். யாராவது தொட்டால் சட்டென்று நகர்ந்துகொண்டாள். இடைவேளையில் குழாயடியில் கைகழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், சாமிக்கு நெசமாவே என் முடி வேணுமா?"

தெரியாது என்றேன். வேறு என்ன சொல்லட்டும்? அன்று வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். தரை தேய்ந்துவிடப்போகிறது, உட்காரேன் என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் அந்த வகுப்பில் எல்லார் தலையையும் பார்த்தேன். பையன்களையும் விடவில்லை. நூலகத்தின் மூலையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொருவராக உட்காரவைத்தேன். எல்லாரிடமும் பசியாறியாச்சா என்ற ஒரே கேள்விதான். பேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாத் தலைக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொண்டேன். வெளியே வரிசையில் நிற்கிற பிள்ளைகள் உள்ளே இருப்பவளின் தலையைப் பார்க்கமாட்டார்கள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் புருவத்தைக் கொஞ்சம் தூக்கினாலும் அடுத்த இடைவேளைக்குள் அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பேர் வந்துவிடும். என்னைப் போன்ற அவசரக்காரிக்கு முகத்தைச் சும்மா வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

பாதிக்கு மேற்பட்ட தலைகளில் இருந்தது. யாழினியிடமும் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அவள் தலையில் ஈர் எல்லாம் தோலை ஒட்டியே இருந்தன. ஈர் ஒட்டிய இடத்தைவிட்டு அசையாது. முடி வளர வளர அதுவும் கூடவே தோலைவிட்டுத் தள்ளிப் போகும். ஒட்டியிருந்தால் புதிது, தள்ளியிருந்தால் பழசு. வங்கியம்மாவின் மகளுக்குக் காதுக்குப் பின்னால், ஒரு விரற்கணு தள்ளி, வெள்ளை வெள்ளையாக ஈர்க்கூடுகள் ஒட்டியிருந்தன. அவை யாழினி இன்னும் தாசேக் கெலுகோரில் இருந்த காலத்தவை. அந்தப் பிள்ளை பேனைக் கொண்டுவரவில்லை, இங்கே வந்து வாங்கியிருக்கிறாள்.

அதைக் குழுவில் எழுதத் துடித்தேன். ஒரு வரி போதும், யாழினி மேல் விழுந்த பழி அந்த நிமிடமே போயிருக்கும். தட்டச்சுகூடச் செய்துவிட்டேன். அனுப்பும் முன் அழித்தேன். அனுப்பியிருந்தால் மறுநாள் அந்தத் தனி மேசையில் இன்னொரு பத்து வயதுக்காரி உட்கார்ந்திருப்பாள். அம்மா பேசிய பேச்சுக்கு மகள் என்ன செய்வாள்? ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தைப்பூசம் வந்துவிடும், கத்தி யாழினி தலையில் ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாலை முழுக்க நெளிந்துகொண்டிருந்தேன். இதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

கடைசியில் எல்லா வீட்டுக்கும் நானே தொலைபேசியில் பேசினேன். அவரவர் பிள்ளையைப் பற்றி அவரவரிடம் மட்டும் சொன்னேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஒரே நாளில் சீப்புப் போட வேண்டும், அடுத்த ஞாயிறும் விடக்கூடாது, மறக்காமல் அம்மாக்கள் தலையையும் பார்க்க வேண்டும் என்றேன். வங்கியம்மா வீட்டுக்கு மட்டும் நேரில் போனேன்.

எங்கள் வீட்டிலா என்றார். தினமும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறேனே என்றார். பேனுக்குச் சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற பேதம் கிடையாது என்றேன். மகளைக் கூப்பிட்டு, நான் காட்டிய இடத்தில் தன் கண்ணாலேயே பார்த்தார். பிறகு, இதைக் குழுவில் சொல்லப்போகிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். நான் சொல்லமாட்டேன், எழுத வேண்டியதை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமலே கிளம்பினேன். எழுதினார். வகுப்பில் பலருக்கும் பேன் இருக்கிறது, யாரையும் குறை சொல்ல வேண்டாம், ஞாயிறு எல்லாரும் தலை பாருங்கள் என்று மூன்றே வரி. கலாவிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்திருக்கலாம். செய்யவில்லை, எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் மகளை விட வந்த கலாவைப் பள்ளி வாசலில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். என் பிள்ளை கொண்டு வரவில்லையா, நெசமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி, இனி மொட்டை வேண்டாமே என்றேன். அவர் முகம் மறுபடி விழுந்துவிட்டது. அவர்களுக்குச் சொன்னதை மாற்றலாம் டீச்சர், சாமியிடம் சொன்னதை எப்படி மாற்றுவது என்றார். மணி அடித்துவிட்டது. உள்ளே ஒரு பையன் மூக்கில் ரத்தம் என்று ஆள் வேறு வந்து நிற்கிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வாக்குக் குடுத்தது நீங்க, கலா. முடி அவளோடது லா," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

உள்ளர்த்தம் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. கோபத்தில் வந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது அவர் மோட்டார் சைக்கிளில் ஏறாமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தைப்பூசத்தில் நான் சாமி கும்பிட்டேனா என்றே சந்தேகம். எங்கள் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, சந்தனம் பூசிய சின்னத் தலைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். உறுமிச் சத்தத்தில் காது அடைத்தது. ஒவ்வொரு குட்டி மொட்டையும் திரும்பி முகத்தைக் காட்டுகிற வரை நான் கண்ணை எடுக்கவில்லை. மோரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர் என்னை உட்காரவைக்கப் பார்த்தார். யாழினி கண்ணில் படவே இல்லை.

பள்ளி திறந்த அன்று காலையில் வாசலில் போய் நின்றேன். வாசல் காவல் என் வேலை இல்லை, ஆனாலும் நின்றேன். வங்கியம்மா மகளைக் காரிலிருந்து இறக்கிவிட்டுப் புத்தகப்பையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கலாவின் மோட்டார் வந்து நின்றது. பின்னாலிருந்து யாழினி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். இரண்டு சடைகளும் நீல ரிப்பனோடு தோளில் விழுந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. அதன் பிறகு கலா தன் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

மொட்டை. காதோரம் சந்தனம் இன்னும் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்கார்ஃபுக்குள் அடங்காத அந்தக் கொண்டை இருந்த இடத்தில் வெயில் பளபளத்தது. வாசலில் நின்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலா யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து தலையைக் குனிந்தார்.

"என் தலையையும் பாத்துருங்க டீச்சர். அம்மாங்களுக்கும் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

பார்த்தேன். இரண்டு காதுக்குப் பின்னாலும், பின்கழுத்திலும், பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்கிற அதே நேரம் எடுத்துப் பார்த்தேன். கத்தி கீறிய சின்னக் காயம் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. சுத்தமாக இருக்கிறது என்றேன். ஃபேக்டரியில் தொப்பி போட்டுக்கொண்டுதானே வேலை, யாருக்குத் தெரியப்போகிறது என்று சிரித்துவிட்டு அவர் மோட்டாரைக் கிளப்பினார்.

வங்கியம்மா அப்போதே வந்து மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கேட்கவில்லை. கார் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஆனால் கலைவிழாவுக்கு முன் ஒரு நாள், மகள் கையில் ஒரு ஜோடி சிவப்புக் குஞ்சலம் கொடுத்து யாழினியிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார். அதற்குள் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஒழுங்காகச் சீப்புப் போட்டதில் வகுப்பில் பேனும் ஒழிந்திருந்தது. குஞ்சலத்தோடுதான் யாழினி மேடையில் ஆடினாள்.

அந்தக் காலைக்கு வருகிறேன். மோட்டார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு யாழினி என்னோடு நடந்து வந்தாள். அவளாகத்தான் சொன்னாள்.

"சாமி கோவிச்சுக்க மாட்டாரான்னு நான் அம்மாகிட்ட கேட்டேன் டீச்சர். அம்மா முடிதான் என்னோடதவிட நீளமாம். சாமிக்கு லாபம்தான்னு சொன்னாங்க."

மணி அடித்தது. அவள் சடை இரண்டும் முதுகில் அடிக்க வகுப்புக்கு ஓடினாள். அலுவலகத்தில் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.